நாற்பது வாளா, இருநூறு வேலா

நலம் நிலைக்க.

பாழியாற்றின் இரு கிளைகளுக்கு நடுவே விளையும் நிலமனைத்தும் ஆளும் மருதவரை நாட்டின் அரசி, மலைவாயிலைக் காக்கத் தானே வந்து கூகைமலைக் கோட்டையில் தங்கியிருக்கும் எயினி, தலைநகராம் தெங்கூரில் அரசிருக்கையைக் காத்து நிற்பவரும், என் பாட்டனாருக்கும் என் தந்தையாருக்கும் எனக்கும் அறிவுரை சொல்லி மூத்தவருமான முதலமைச்சர் வெண்ணாகனாருக்கு விடுக்கும் ஓலை.

தெங்கூரின் மதில்கள் உறுதியாய் நிற்க. ஏரிகள் நிறைக. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க. உம் சொல்லும் உம் நெஞ்சும் ஒரே வீட்டில் குடியிருக்க. கடைசி வாழ்த்து வழக்கத்தில் இல்லாதது. அதை ஏன் சேர்த்தேன் என்பதைச் சொல்லவே இந்த ஓலை.

எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு நானே எழுதுகிறேன். அரச ஓலையில் 'யாம்' என்று எழுதுவதே முறை. ஆனால் இங்கே நடந்ததில் அரசி செய்தது பாதி, எயினி என்ற பெண் செய்தது பாதி. ஆகவே 'நான்' என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

உம் ஓலையும் இருபது பாளம் இரும்பும் நாற்பது மெய்க்காவலரும் சென்ற வளர்பிறை ஐந்தாம் நாள் ஒரே படகு வரிசையில் வந்து சேர்ந்தன. ஓலையின் முத்திரை உடையாமல் இருந்தது. நூல் அவிழாமல் இருந்தது. ஆயினும் அதை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். முன்பெல்லாம் உம் முத்திரையை நான் பார்த்ததே இல்லை; நேரே படிக்கத் தொடங்கிவிடுவேன். எந்த நாளில் அந்தப் பழக்கம் மாறியது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

நீர் எழுதியிருந்தது இது: ஆற்றில் வெள்ளம் ஏறியதும் நம் பகைவராம் நீள்கரையார் படகுகளில் வருவர், அதற்குள் இருபது பாளத்தையும் உருக்கி நாற்பது வாள் வடிக்க வேண்டும், மெய்க்காவலரின் பழைய வாள்கள் முனை மழுங்கியதால் தலைநகரிலேயே விடப்பட்டன, புதிய வாள்களை உம் தங்கை மகனும் காவலர் தலைவனுமாகிய கந்தரன் கையில் ஒப்படைக்க வேண்டும்.

நாற்பது பேர் வெறும் உறைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன் வந்து வணங்கியபோது எனக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. இந்தக் கோட்டையில் இருநூற்று அறுபது பேர் இருக்கிறோம். பெரும்பாலோர் சரிவுகளில் வரகும் சாமையும் விதைக்கும் மலைக்குடிகள். நீள்கரையார் போன ஆண்டு எரித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். உம் சொற்படி செய்தால் ஆயுதம் நாற்பது பேரிடம் மட்டும் இருக்கும். அந்த நாற்பது பேரும் உம் மருமகனின் சொல்லுக்கு அடங்கியவர்கள். பகைவர் வராமலே போனாலும் இந்தக் கோட்டை யாருடையது என்ற கேள்விக்கு அந்த நாற்பது வாள்கள் விடை சொல்லிவிடும். இதை நீர் எண்ணாமல் எழுதியிருப்பீரா? நீர் எதையும் எண்ணாமல் எழுதுபவர் இல்லையே.

கரியும் இங்கே குறைவு. உலையை ஒருமுறைதான் முழுமையாக மூட்ட முடியும். ஒரு பாளத்திலிருந்து இரண்டு வாள் வரும். அல்லது பத்து வேல்முனை வரும். அல்லது எண்பது அம்புமுனை வரும். எதை வடித்தாலும் மற்ற இரண்டும் இல்லை. தவறாகத் தேர்ந்தால் திருத்திக்கொள்ள அடுத்த உலை கிடையாது. வெள்ளத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள் என்று ஆற்றைக் கண்காணிப்போர் சொன்னார்கள்.

உலைத்தலைவன் அழிசியை அழைத்துக் கேட்டேன். அவன் சற்றும் தயங்கவில்லை. இருநூறு வேல் செய்யலாம் என்றான். வாளைப் பிடிக்கக் கற்க ஓராண்டு, வில்லைப் பிடிக்க மூன்று மாதம், வேலைப் பிடிக்க மூன்று நாள் என்றான். கோட்டை வாயிலுக்கு ஏறும் வாசற்படிகள் நால்வர் நிற்கும் அகலமே உடையவை; மேலே நீண்ட ஆயுதம் இருந்தால் கீழிருந்து வருபவன் நெருங்க முடியாது என்றும் சொன்னான்.

அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதனாலேயே அவனையும் ஐயுற்றேன். நான்கு ஆண்டுக்கு முன் அவன் தம்பியை நாடு கடத்தும்படி தீர்ப்புச் சொன்னவள் நான். தம்பியை இழந்த ஒருவன், என்மேல் என்ன எண்ணம் கொண்டிருக்கிறார்களோ தெரியாத மலைக்குடிகள் கையில் இருநூறு வேல் கொடுக்கச் சொல்கிறான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலைச்சூட்டில் கருத்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

எனக்கு வில்தான் வேண்டியிருந்தது. ஆயிரத்து அறுநூறு அம்புமுனை! மதில் நெடுக வில்லாளர்! அவையோரிடம் அதற்கு நல்ல காரணங்கள் சொன்னேன்: பகைவரைத் தொலைவிலேயே நிறுத்தலாம், நம்மவரில் இறப்போர் குறைவர். மழையில் நாண் நனைந்து தளரும் என்று அழிசி சொன்னதற்கு, நாணுக்கு மெழுகு பூசலாம் என்று விடை சொன்னேன். மறுநாள் காலை குளத்தில் முகம் கழுவும்போதுதான் உண்மைக் காரணம் எனக்கே தெரிந்தது. வில் பிடித்தவன் மதிலின்மேல் வெளியே பார்த்தபடி நிற்பான். அவன் முதுகு என் பக்கம் இருக்கும். என்னைப் பார்க்காத ஆயுதமே எனக்குத் தேவைப்பட்டது. பகைவரிடமிருந்து தப்ப ஆயுதம் தேடுகிறேன் என்று எண்ணியிருந்தேன். நான் தேடியதோ என் குடிகளிடமிருந்து தப்பும் வழி.

இதை அறிந்த பின்னும் வில்லை விடவில்லை. அறிவது வேறு, விடுவது வேறு.

சோதித்துப் பார்ப்போம் என்றேன். வைக்கோல் உருவங்கள் கட்டி, பழைய ஆயுதங்களை எடுத்து, மூன்று நாள் மலைக்குடிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தேன். முப்பதடித் தொலைவில் நின்ற வைக்கோல் உருவத்தை நூறு பேரில் பதினொருவர்தான் அடித்தார்கள். ஓர் அம்பு சமையற்கூடத்துப் புகைப்போக்கியில் போய்க் குத்தி நின்றது. அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

பிறகு வேல். இங்கேதான் சிரிப்பு எழுந்தது. இந்த மலைக்குடிகள் விதைக்கும் முறையை நீர் கண்டிருக்க மாட்டீர். இருபது பேர், முப்பது பேர் தோளோடு தோள் நின்று, கையில் நீண்ட கூர்க்கழி பிடித்து, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே வேளையில் மண்ணில் குத்திக் குழி போடுவார்கள். பின்னால் வருபவர் விதை இடுவார். பிறந்தது முதல் கழியோடு பழகிய கைகள் வேலைப் பிடித்ததும் அதையே செய்தன. வைக்கோல் உருவம் நேர் எதிரே நிற்க, வரிசை முழுவதும் குரல் கொடுத்து, ஒன்றாக அடி எடுத்து வைத்து, உருவத்தின் காலடி மண்ணைக் குத்தியது. முப்பது வேலும் ஒரே நொடியில் தரையில்.

மெய்க்காவலர் சிரித்தார்கள். ஒருவன் உரக்கக் கேட்டான்: "என்ன ஆத்தா, கோட்டைக்குள்ள வரகு விதைக்க வந்தியா?"

வரிசைக்குக் குரல் கொடுத்தவள் நக்கை என்ற பெண். நீள்கரையாரிடம் கணவனையும் வீட்டையும் இழந்தவள். அவள் வேலைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டுச் சொன்னதை மெருகேற்றாமல் எழுதுகிறேன். "ஆமா ராசா. உன்னையும் ஒரு குழியில போட்டுப் பாக்கலாம்னுதான். என்ன, முளைக்குமோ முளைக்காதோ, உள்ள ஒண்ணையும் காணோம் பதரு மாதிரி." மலைக்குடிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவலன் முகம் சிவந்தது. அவன் கை இடுப்புக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். வாள் பழகியவன் சினந்தால் உறை வெறுமையாக இருந்தாலும் கை அங்கேதான் போகும். அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை மடக்கினான். எதையோ இரு கையாலும் பற்றுபவன்போல.

அழிசியும் அதைப் பார்த்தான். நான் பார்த்ததையும் பார்த்தான்.

ஆயுதம் கொடுக்குமுன் உலைத்தலைவன் வாங்குபவரின் உள்ளங்கையைப் பார்ப்பது இம்மலைநாட்டு வழக்கம். கையில் எங்கே காய்த்திருக்கிறதோ அதற்கேற்பப் பிடியைச் செதுக்குவார்கள். மெய்க்காவலருக்கு அந்த வழக்கம் வேண்டாம், தலைநகரின் அளவே போதும் என்று கந்தரன் முதல் நாளே தடுத்திருந்தான். அதைச் செருக்கு என்று எண்ணியிருந்தேன். அன்று பிற்பகலே நாற்பது பேரையும் முற்றத்தில் நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னேன்.

அழிசி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனான். பன்னிருவரிடம் வலக்கையில் மட்டும், சுட்டுவிரலின் அடியிலும் பெருவிரல் மடிப்பிலும் காய்ப்பு இருந்தது. மற்ற இருபத்தெட்டுப் பேருக்கும் இரண்டு கைகளிலும் சமமாக, நான்கு விரல்களின் அடியிலும் கயிறு இழுத்ததுபோல் தடித்திருந்தது. அவன் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்: "தாயே, இது வாள் புடிச்ச கை இல்ல. துடுப்பு."

துடுப்பு. படகில் வருபவர் யார்? நீள்கரையார். அஞ்சினேன். அமைச்சரே, உண்மையை எழுதுகிறேன்: அந்த அச்சத்தோடு ஒரு மகிழ்ச்சியும் வந்தது. என் ஐயம் வீணில்லை, நான் பித்துப் பிடித்தவள் இல்லை என்ற மகிழ்ச்சி. இருபத்தெட்டுப் பேரையும் கட்டிக் கல்மண்டபத்தில் அடைக்கச் சொன்னேன். கந்தரனையும் கட்டச் சொன்னேன். மறுநாள் காலை வாசற்படியில் அவர்களின் தலைகளை வீழ்த்துவது என்று அவையைக் கேளாமலே சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் நாணுகிறேன்.

தடுத்தவன் அழிசி. நான் யாரை ஐயுற்றேனோ அவன். அவன் சொன்னது இவ்வளவே: "என் தம்பியையும் நீங்க கேக்காமத்தான் அனுப்பினீங்க. இவங்களையாவது கேளுங்க."

கேட்டேன். முற்றத்தில் நக்கையை வம்புக்கு இழுத்தவனையே முதலில் கொண்டுவரச் சொன்னேன். அவன் பெயர் கூத்தன். அழுதுகொண்டே சொன்னான்: "நான் தெங்கூர்த் துறை ஓடக்காரன் தாயே. நீள்கரைக்காரன் எங்கப்பனையே வெட்டினான், நான் போய் அவனுக்கா? இந்த உறையைக் கட்டிக்கோ, மீசைய முறுக்கிக்கோ, பேசாம நில்லுன்னாங்க. நின்னேன். வாளு குடுத்தா எந்தப் பக்கம் வெட்டும்னு கூட எனக்குத் தெரியாது."

பிறகு கந்தரன். கட்டை அவிழ்க்கச் சொன்னேன். கோடையில் பாசறையில் பரவிய காய்ச்சலில் மெய்க்காவலர் இருபத்தெட்டுப் பேர் பத்தே நாளில் மாண்டார்கள் என்றான். வீரனின் வாளை அவனோடு புதைக்கும் முறைப்படி இருபத்தெட்டு வாள்களும் மண்ணுக்குள் போயின. வேற்றுமை தெரியாதிருக்க மற்றப் பன்னிருவரின் வாள்களையும் விட்டுவரச் சொன்னீர். மெய்க்காவலர் இறந்த செய்தி பரவினால் நீள்கரையார் வெள்ளத்துக்குக் காத்திராமலே வருவர், அரசியும் நெஞ்சு தளர்ந்துவிடுவார் என்று அஞ்சி, ஓடக்காரரைக் காவலராக்கி அனுப்பினீர். "மாமா உங்களுக்குக் கெடுதி நினைக்கலைங்க அரசியாரே," என்றான். "நீங்க பயந்துடக் கூடாதுன்னு நினைச்சார்."

நான் சிரித்துவிட்டேன். என்னை அச்சத்திலிருந்து காக்க நீர் செய்த செயலால் ஏழெட்டு நாள் நான் அச்சத்தைத் தவிர வேறெதையும் உண்ணவில்லை. வாள் கேட்டது சூழ்ச்சி என்று எண்ணினேன், அது மறைப்பு. வேலோ வில்லோ கேட்டிருந்தால், நாற்பது வாள்வீரர் இருக்க இது எதற்கு என்று நான் கேட்டிருப்பேன் அல்லவா? அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி, இருபது பாளம் இரும்பையும் துடுப்புப் பிடித்த கைகளுக்கு வாளாக்கச் சொன்னீர். நான் கீழ்ப்படிந்திருந்தால் வெள்ளத்தின் முதல் நாளே இங்கிருக்கும் இருநூற்று அறுபது பேரும் செத்துவிடுவோம்.

இதற்கு உம்மைச் சினந்து நான்கு ஓலை எழுதினேன். நான்கையும் உலையில் இட்டேன். ஏனெனில் எழுதும்போதெல்லாம் என்னுடைய பொய் ஒன்று குறுக்கே வந்து நின்றது. ஒரு மாதத்துக்கு முன், கோட்டையில் ஐந்து மாதத்துக்கு உணவு இருக்கிறது என்று உமக்கு எழுதினேன். இருந்தது இரண்டு மாத உணவு. உம்மிடம் உண்மை சொன்னால், கோட்டையைக் கைவிடு என்று அவையைத் தூண்டுவீர் என்று ஐயுற்றேன். நீர் ஆள் இருப்பதாகப் பொய் சொன்னீர்; நான் சோறு இருப்பதாகப் பொய் சொன்னேன். நீள்கரையாருக்கு நம் இருவரையும்விட நல்ல ஒற்றர் வேண்டியதில்லை.

ஆகவே முடிவு இது. வேல் வடிக்கிறோம். நூற்று எழுபது முனை ஆகிவிட்டது. இதை எழுதும் இந்த முற்பகலிலும் சம்மட்டி ஓசை சுவரைத் தாண்டி வருகிறது. தண்டுக்கு மலைமூங்கில் உண்டு. கேடயத்துக்குப் பிரம்பும் எருமைத்தோலும் உண்டு. மண்ணைக் குத்தும் பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று அழிசி சொல்லிவிட்டான். வைக்கோல் உருவங்களை முற்றத்திலிருந்து எடுத்து வாசற்படியின் கீழ்ப்படிகளில் நிறுத்தினோம். மேற்படியில் நின்று நக்கை குரல் கொடுத்தாள். வரிசை தன் வழக்கப்படியே காலடியை நோக்கிக் குத்தியது. ஒவ்வொரு முனையும் கீழே நின்ற உருவத்தின் கழுத்திலும் நெஞ்சிலும் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. நக்கை வேலைப் பிடுங்கி, அதன் முனையைத் திரும்பத் திரும்பச் சேலையில் துடைத்தாள். விதைக்கும் கைக்கு அது எளிதாக வந்துவிட்டது என்பதே அவளை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஓடக்காரர் இருபத்தெட்டுப் பேரும் வேல் ஏந்துகிறார்கள். அவர்களைத் தனி அணியாக நிறுத்தவில்லை. மலைக்குடிகள் நால்வருக்கு நடுவே ஒருவராகக் கலந்து நிறுத்தியிருக்கிறேன். கலப்பது அன்பினால் என்று அவர்களிடம் சொன்னேன். ஐயத்தினாலும்தான் என்று உம்மிடம் சொல்கிறேன்.

இந்த ஓலை பகைவர் கையில் சிக்குமோ என்று எண்ணினேன். சிக்கினால் படிக்கட்டில் வேல் வரிசை நிற்பதை அறிவார்கள். நம் களஞ்சியம் வெறுமையாவதையும் அறிவார்கள். அறியட்டும். நீர் அறியாதிருப்பதைவிட அது எனக்குச் சிறிய கேடு.

இனி ஆணை.

ஒன்று: தெங்கூரில் உயிரோடும் ஆயுதத்தோடும் இருப்போர் எத்தனை பேர் என்பதை உம் கையாலேயே எழுதி, இந்த ஓலை கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்புக. குறைவாக இருந்தால் குறைவாகவே எழுதுக. எனக்காக ஒருவரைக்கூடக் கூட்ட வேண்டாம்.

அடுத்தது: வெள்ளம் ஏறுமுன், இன்றிலிருந்து எட்டு நாளுக்குள், ஆறு படகு தானியமும் உப்பும் கூகைத்துறைக்கு வந்து சேர வேண்டும். படகோட்டிகள் படகோட்டிகளாகவே வரட்டும்.

கந்தரனைத் தலைநகருக்கு அனுப்பமாட்டேன். சிறையிலும் வைக்கமாட்டேன். வேல் வரிசையின் முதற்படியில் நான் நிற்கப்போகிறேன். அவை எதிர்த்தது, கேட்கவில்லை. இவ்வரிசையில் ஒவ்வொருவரின் கேடயமும் தம் இடப்பக்கத்தில் நிற்பவரைத்தான் பாதி மறைக்கும். வேல் பிடித்த கையைக் காப்பது வலப்பக்கத்தில் நிற்பவரின் கேடயம். என் வலப்பக்கத்தில் கந்தரனை நிறுத்துகிறேன். அவன் ஓரடி விலகினால் போதும். அது அவனுக்குத் தெரியும். இதைப் படிக்கும் உமக்கும் தெரியும்.

அவன் விலகமாட்டான், நம்புகிறேன் என்று எழுதவே எழுத்தாணியை எடுத்தேன். அந்தச் சொல் இன்னும் வரவில்லை. வராமலே அவனை அங்கே நிறுத்துகிறேன். இப்போது என்னால் இயன்றது இவ்வளவு. உம்மால் இயன்றதைப் படகில் அனுப்புக.

மருதங்கிளை பொறித்த அரச முத்திரையை நானே இட்டேன். கூகைமலைக் கோட்டையில், வளர்பிறை கழிந்து தேய்பிறை ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில், எயினி எழுத்து. கண்டவுடன் செய்க, செய்ததை மறைக்காது எழுதுக.